கேமரா சென்சரில் தூசு: வீட்டிலேயே நீக்கலாமா?

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். நீல வானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. ஏதோ பறவை என்று நினைத்து அடுத்த படத்திற்குப் போகிறீர்கள். அதிலும் அதே இடத்தில் அதே பறவை! பத்துப் படங்களிலும் இடம் மாறாமல் நிற்கும் பறவை உலகத்தில் கிடையாது. அது உங்கள் கேமராவின் சென்சரில் உட்கார்ந்திருக்கும் தூசு.

லென்ஸைக் கழற்றி மாட்டும் வசதி உள்ள கேமராக்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். அதாவது டி.எஸ்.எல்.ஆர். மற்றும் மிர்ரர்லெஸ் கேமராக்கள். லென்ஸ் உடம்போடு ஒட்டியே இருக்கும் சிறிய காம்பாக்ட் கேமராக்களிலும் சில நேரங்களில் தூசு நுழைந்துவிடும். ஆனால் அவற்றை வீட்டில் திறக்க முயற்சிக்கவே வேண்டாம். உள்ளே பிளாஷுக்கான கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் வரை மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது ஷாக் அடிக்கும். எனவே இந்தக் கட்டுரை லென்ஸ் மாற்றும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

இன்று கேமரா நிறுவனங்களின் கவனம் முழுவதும் மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டது. அதனாலேயே பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. பலர் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு, முந்தைய உரிமையாளர் சேர்த்து வைத்த தூசும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டர் பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. கொடுத்தால் சில நாட்கள் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே "நாமே துடைத்துவிட்டால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பு. துடைக்கலாம். ஆனால் தப்பான பொருளால் ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும், பல மாடல்களில் சென்சர் பகுதியை மாற்ற ஆகும் செலவுக்கு அதே மாதிரி இன்னொரு பழைய கேமராவை வாங்கிவிடலாம். அதனால் எதை எந்த வரிசையில் செய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

எதன் மேல் தூசு?

பேச்சு வழக்கில் "சென்சரைத் துடைப்பது" என்கிறோம். உண்மையில் நாம் சென்சரைத் தொடுவதே இல்லை. சென்சருக்கு முன்னால் மெல்லிய கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பது ஒன்று. பல மாடல்களில் லோ-பாஸ் பில்டர் என்ற இன்னொன்றும் உண்டு. தூசு உட்காருவது இந்தக் கண்ணாடியின் மேல்தான். இது நமக்கு நல்ல செய்தி. கண்ணாடியைத் துடைக்க முடியும். கெட்ட செய்தி, அந்தக் கண்ணாடியின் மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்று உள்ளது. கீறல் விழுந்தால் அழியாது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். வீட்டுக்குள், மண்டபத்துக்குள் எடுக்கும் படங்களில் தெரியாத புள்ளிகள் வெயிலில் எடுக்கும் படங்களில் மட்டும் ஏன் தெரிகின்றன? காரணம் அபர்ச்சர். பவர் கட் நேரத்தில் டார்ச் லைட் வெளிச்சத்தில் சுவரில் கையால் மான் உருவம் காட்டி விளையாடியிருப்பீர்கள். நிழல் கூர்மையாக விழும். அதே கையை நீளமான டியூப் லைட்டுக்கு முன் காட்டினால் நிழல் கலங்கி மறைந்துவிடும். வெளிச்சம் வரும் வாசல் சிறியதாக இருந்தால் நிழல் அழுத்தம், பெரியதாக இருந்தால் மங்கல். கேமராவிலும் இதே கதைதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடியின் மேற்பரப்புக்கும் சென்சரின் பிக்சல்களுக்கும் இடையே ஒன்றரை மி.மீ. இடைவெளி என்று எடுத்துக்கொள்வோம். எப்/2.8 அபர்ச்சரில் ஒரு பிக்சலுக்குச் செல்லும் ஒளிக்கற்றை, கண்ணாடி இருக்கும் இடத்தில் சுமார் 536 மைக்ரான் அகலம் இருக்கும். அதன் நடுவே 50 மைக்ரான் தூசு ஒன்று நின்றால், தடுக்கப்படும் ஒளி ஒரு சதவீதம் கூட இல்லை. கண்ணுக்கே தெரியாது. எப்/16க்குப் போனால் ஒளிக்கற்றையின் அகலம் சுமார் 94 மைக்ரானாகச் சுருங்குகிறது. இப்போது அதே தூசு 28 சதவீத ஒளியை மறைக்கிறது. எப்/22ல் பாதிக்கு மேல் போய்விடுகிறது. தூசு கூடவில்லை, குறையவில்லை. வாசல் சுருங்கியதுதான் வித்தியாசம். (கண்ணாடிக்குள் ஒளி வளைவதை இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன். விகிதம் புரிந்தால் போதும்.)

24 மெகாபிக்சல் உள்ள ஏ.பி.எஸ்.-சி சென்சர் ஒன்றின் அகலம் சுமார் 23.5 மி.மீ.; அதில் 6000 பிக்சல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பிக்சலுக்கு 4 மைக்ரானுக்கும் குறைவு. நாம் கண்ணால் பார்த்து "ஒன்றுமில்லையே, சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று சொல்லும் தூசு அங்கே பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலத்துக்கு நிற்கும். ஆகவே உள்ளே எட்டிப் பார்த்துத் தூசு தேடுவதில் பயனில்லை. படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனைப் படம்

இந்தச் சோதனைக்கு உங்கள் கம்ப்யூட்டர் மானிட்டரே போதும். நோட்பேட் புரோகிராமைத் திறந்து திரை முழுவதும் விரித்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் திரை கிடைத்துவிட்டது. கேமராவை அபர்ச்சர் பிரயாரிட்டி மோடில் வைத்து எப்/16 அல்லது எப்/22 தேர்ந்தெடுங்கள். ஐ.எஸ்.ஓ. 100. ஆட்டோ போகஸை நிறுத்திவிட்டு, போகஸ் வளையத்தை இன்பினிட்டிக்குத் திருப்புங்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸைக் காட்டி, ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை லேசாக அசைத்தபடியே படம் எடுங்கள். ஆம், இந்த ஒரு படத்தில் மட்டும் கை ஆடலாம், ஆட வேண்டும். மானிட்டரின் புள்ளிகளும் அதன் மேல் உள்ள அழுக்கும் கலைந்துவிடும். சென்சர் தூசு கேமராவோடு சேர்ந்து நகர்வதால் கலையாது.

இந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, 100 சதவீத அளவில் மூலைக்கு மூலை பாருங்கள். இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமா? இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் புரோகிராமில் கலர்ஸ் மெனு சென்று, ஆட்டோ என்பதில் ஈக்வலைஸ் கிளிக் செய்திடுங்கள். ஒளிந்திருந்த தூசெல்லாம் வெளியே வந்துவிடும். முதல் முறை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம், ஈக்வலைஸ் செய்தால் எந்தக் கேமராவும் அம்மை போட்ட மாதிரித்தான் இருக்கும்.

இந்த இடத்தில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வியூ பைண்டரில் கண் வைத்துப் பார்க்கும்போது தெரியும் தூசு, டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் படத்தில் வராது. அது போகஸிங் ஸ்கிரீனிலோ கண்ணாடியிலோ இருப்பது. அதை விட்டுவிடுங்கள். போகஸிங் ஸ்கிரீன் மென்மையானது, நகம் பட்டாலே கோடு விழும். அடுத்து, லென்ஸை மாற்றியபோது புள்ளியும் மறைந்தால் தவறு லென்ஸில். எந்த லென்ஸ் மாட்டினாலும் அதே இடத்தில் நின்றால்தான் சென்சர். மூன்றாவது, இருட்டில் நீண்ட நேரம் திறந்து எடுத்த படங்களில் சிவப்பு, நீலம், பச்சை என்று மின்னும் ஊசிமுனைப் புள்ளிகள். அவை ஹாட் பிக்சல்கள். எவ்வளவு துடைத்தாலும் போகாது, ஏனென்றால் அங்கே துடைக்க ஒன்றுமில்லை.

படத்தில் தெரியும் புள்ளி சென்சரில் எங்கே இருக்கிறது? லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழச் செய்கிறது. நீங்கள் கேமராவை எதிரே வைத்து உள்ளே பார்க்கும்போது, படத்தின் மேல் பகுதி கீழேயும் கீழ்ப் பகுதி மேலேயும் இருக்கும். இடது வலது மட்டும் மாறாது. படத்தில் இடது மேல் மூலையில் புள்ளி என்றால், உங்கள் கண்ணுக்கு எதிரே இடது கீழ் மூலையில் தேடுங்கள். வானத்துத் தூசெல்லாம் சென்சரின் தரையில்தான் குடியிருக்கிறது.

முதல் படி: கேமராவே செய்யட்டும்

2003ல் ஒலிம்பஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ-1 என்ற மாடலில், சென்சருக்கு முன்னால் உள்ள தகட்டை மிக வேகமாக அதிரச் செய்து தூசை உதறும் வசதி வந்தது. 2006ல் கேனன் 400டி, சோனி ஆல்பா 100, பென்டாக்ஸ் கே10டி ஆகியவையும், 2007ல் நிக்கான் டி300ம் தங்கள் தங்கள் வழியில் இதனைக் கொண்டு வந்தன. உங்கள் கேமரா அதற்குப் பிறகு வந்தது என்றால் மெனுவில் சென்சர் கிளீனிங் என்று ஒன்று அநேகமாக இருக்கும். கேமராவை மேஜை மேல், அடிப்பகுதி தரையைப் பார்க்கும்படி வழக்கம்போல் நிறுத்தி வைத்து இதனை இயக்குங்கள். பலர் முகம் குப்புறக் கவிழ்த்து இயக்குகிறார்கள்; நிறுவனங்களின் கையேடு சொல்வது நிறுத்தி வைத்துத்தான். இரண்டு மூன்று முறை இயக்கிய பின் மீண்டும் சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள். தொடர்ந்து இயக்கிக்கொண்டே இருந்தால், சில மாடல்களில் உள் சர்க்யூட்டைக் காப்பதற்காக அந்த வசதி சிறிது நேரம் செயல்படாமல் நிற்கும். அது பழுது அல்ல.

உலர்ந்த தூசு இதிலேயே ஓரளவு போய்விடும். ஒட்டிப் பிடித்தது போகாது.

இரண்டாம் படி: ஊதுவது

கையால் அமுக்கும் ரப்பர் புளோயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றிலும் பணத்துக்கு மிக அதிகப் பலன் தரும் பொருள் இதுதான்.

நம் வாசகர்களில் பலர் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்பவர்கள். அதற்காக எலக்ட்ரிக் புளோயர் வாங்கி வைத்திருப்பார்கள். அதைக் கேமராவின் பக்கம் கொண்டுவரவே கூடாது. ஷட்டரின் இதழ்கள் காகிதத்தை விட மெல்லியவை. அந்த வேகத்தைத் தாங்காது. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்றோடு எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வரும். டப்பாவில் அடைத்து வரும் காற்று பார்க்க நாகரிகமாக இருக்கும். ஆனால் டப்பா சாய்ந்தால் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்து தெறித்துக் கண்ணாடியில் கறையாகப் படியும். வாயால் ஊதுவது எல்லாவற்றிலும் மோசம். ஊதினால் தூசு போகும், எச்சில் வரும். காய்ந்த எச்சிலைத் துடைக்க மூன்றாம் படிக்குப் போயாக வேண்டும்.

அறையைத் தயார் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையை ஈரத் துணியால் துடைத்து அரை மணி நேரம் விடுங்கள். பறக்கும் தூசு அடங்கிவிடும். சாம்பிராணி போட்ட நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். கேமரா பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்திடுங்கள். இது முக்கியம். மெனுவில் நிக்கான் என்றால் கிளீனிங்குக்காகக் கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கும் வசதி, கேனன் என்றால் மேனுவல் கிளீனிங், மற்றவற்றில் இதைப் போன்ற பெயர். இதனை இயக்கினால் கண்ணாடி மேலே போய், ஷட்டர் திறந்து, சென்சர் தெரியும். பேட்டரி குறைவாக இருந்தால் பல கேமராக்கள் இந்த மெனுவைத் திறக்கவே அனுமதிக்காது. நடுவில் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். உள்ளே ஏதாவது இருந்தால் இதழ் மடங்கும். பல்பு மோடில் ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். விரல் நழுவினால் கதை முடிந்தது. அதேபோல் ஏ.சி. அடாப்டரை நம்புவதை விட நம் ஊர் மின்சாரத்துக்கு முழு பேட்டரியே மேல்.

இப்போது புளோயரை வேறு பக்கம் நாலைந்து முறை அமுக்கி, அதன் உள்ளே உள்ள தூசை வெளியேற்றுங்கள். கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, கீழிருந்து மேலே ஊதுங்கள். விழும் தூசு வெளியே விழும். புளோயரின் முனை லென்ஸ் மாட்டும் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. பத்துப் பதினைந்து முறை. அவ்வளவுதான். கேமராவை அணைத்து, லென்ஸை மாட்டி, மறுபடி நோட்பேட்.

மிர்ரர்லெஸ் கேமராவில் கண்ணாடி கிடையாது என்பதால் லென்ஸைக் கழற்றியதும் பெரும்பாலும் சென்சர் நேராகத் தெரியும். 2018ல் வந்த கேனன் ஈ.ஓ.எஸ். ஆர் போன்ற சிலவற்றில் கேமராவை அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். தூசுக்கு அது தடுப்பு. ஆனால் மூடிய ஷட்டரின் மேல் ஊதக் கூடாது. மெனுவில் உள்ள கிளீனிங் மோடையே பயன்படுத்துங்கள். சென்சரே அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் மாடல்களில் அது மிதந்தபடி இருக்கும், ஆகவே அழுத்தம் இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட கேமராக்கள் இந்த இரண்டாம் படியிலேயே சரியாகிவிட்டன. அதற்கு மேல் போகும் ஆசையை அடக்குங்கள்.

தனுஷ்கோடி மணல்

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். காதுகுத்து, சடங்கு வீடு என்று சின்னச் சின்ன விசேஷங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன், கடன் வாங்கிப் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கினான். முதன்முதலாக ஒரு கல்யாண ஜோடியை தனுஷ்கோடிக்கு அழைத்துப் போய் 300 படம் எடுத்து வந்தான். அங்கே வானமும் கடலும் தவிர பின்னணியில் வேறொன்றும் கிடையாது. வெயிலுக்காக எப்/16 வைத்திருக்கிறான். காற்றில் இரண்டு முறை லென்ஸ் வேறு மாற்றியிருக்கிறான். ஊருக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு வானத்திலும் பதினோரு புள்ளி.

அடுத்த ஞாயிறு முகூர்த்தம். கேமராவையும் கையில் பஞ்சு சுற்றிய காது குடையும் குச்சியையும், மூக்குக் கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணே, நீங்க லைட் மட்டும் அடிங்க, நான் துடைச்சிடறேன்" என்றான்.

"தம்பி, குச்சியைக் கீழே போடு. உள்ளே இருக்கிறது மணல்" என்றேன்.

கடற்கரை மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை அளவுதான். மணல் துகள் ஒன்று பஞ்சுக்கு அடியில் மாட்டி இழுபட்டால், அது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போல. வீட்டுத் தூசு என்றாலும் இதே விதிதான்: ஊதாமல் துடைக்கக் கூடாது. காது குடையும் பஞ்சு நார் விடும். மூக்குக் கண்ணாடித் திரவத்தில் பெரும்பாலும் சோப்புத் தன்மையுள்ள பொருள் இருக்கும், அது காய்ந்து படலமாக நிற்கும். மருந்துக் கடை ஸ்பிரிட், ஹேண்ட் சானிடைசர், சென்ட் எதுவும் ஆகாது. எல்லாவற்றிலும் தண்ணீரோ வேறு கலப்போ உண்டு.

அவன் அதற்கு முன் இன்னொன்று செய்ய வேண்டியிருந்தது. நிக்கான் கேமராக்கள் பலவற்றில் இமேஜ் டஸ்ட் ஆப் ரெப் போட்டோ என்று மெனுவில் ஒரு வசதி உண்டு. வெறும் வெள்ளைத் தாளைப் படம் எடுத்து, தூசு எங்கெங்கே இருக்கிறது என்று பதிவு செய்துகொள்ளும். நிறுவனத்தின் இலவச என்.எக்ஸ். ஸ்டுடியோ புரோகிராம் அந்தப் பதிவைக் கொண்டு ரா பைல்களில் உள்ள புள்ளிகளைத் தானாக அழிக்கும். ஏற்கனவே எடுத்த படங்களுக்கும் இது பயன்படும். ஆனால் சென்சரைச் சுத்தம் செய்வதற்கு முன்பே இந்தப் பதிவை எடுத்திருக்க வேண்டும். சுத்தம் செய்தபின் எடுத்தால் எந்தத் தூசைப் பதிவு செய்யும்? அந்த மெனுவில் வெறும் ஸ்டார்ட் என்றும், கிளீன் செய்துவிட்டு ஸ்டார்ட் என்றும் இரண்டு இருக்கும். பழைய படங்களுக்காக என்றால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். கேனனில் டஸ்ட் டெலிட் டேட்டா என்று இதே போன்ற ஒன்று உள்ளது. ஆனால் அது, பதிவு செய்த பிறகு எடுக்கும் படங்களோடுதான் சேரும், பழையவற்றுக்கு உதவாது. தம்பியின் கேமரா நிக்கான், படங்களும் ராவில் எடுத்தவை. முதலில் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டோம்.

பிறகு ஊதினோம். பதினொன்றில் எட்டு போய்விட்டது. மூன்று நகரவில்லை. கடல் காற்றின் ஈரத்தோடு உட்கார்ந்து காய்ந்தவை.

மூன்றாம் படி: ஈரத் துடைப்பு

ஊதியும் போகாதது, எப்/11ல் எடுக்கும் சாதாரணப் படங்களிலும் தெரிகிறது என்றால் மட்டுமே இந்தப் படி. கேமரா வாரண்டியில் இருந்தால் இங்கே நிறுத்தி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

சென்சர் ஸ்வாப் என்று கேட்டு வாங்குங்கள். தட்டையான பிளாஸ்டிக் கரண்டி போல இருக்கும். நுனியில் நார் விடாத துணி. ஏ.பி.எஸ்.-சி சென்சருக்குச் சுமார் 16 மி.மீ., புல் பிரேமுக்கு 24 மி.மீ. அகலம். சென்சரின் உயரத்தை ஒரே இழுப்பில் மூடும் அளவு அது. அளவு மாற்றி வாங்கினால் பயன்படாது. சென்சருக்கென்றே விற்கும் திரவத்தையே வாங்குங்கள். இவற்றில் சில தூய மெத்தனால், விஷம், தீப்பிடிக்கும். அடுப்படியில் வைத்துச் செய்ய வேண்டாம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், ஜன்னல் திறந்த அறையாக இருக்கட்டும்.

ஸ்வாபின் உறையைக் கடைசி நிமிடத்தில்தான் பிரிக்க வேண்டும். நுனியை விரலால் தொட்டால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். விரலின் எண்ணெய் ஒட்டிவிட்டது. நுனியில் இரண்டு சொட்டு திரவம் விட்டு, அது பரவும் வரை சில வினாடிகள் பொறுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் கண்ணாடியின் ஓரத்தில் இறங்கிவிடும், காய்ந்த தடமும் நிற்கும். இந்த முறை கேமராவை மல்லாக்க, வாய் மேலே பார்க்க வைத்து, சென்சரின் ஒரு ஓரத்தில் ஸ்வாபை நிறுத்துங்கள். போகும் திசைக்கு எதிராக லேசாகச் சாய்த்து, பேனாவால் எழுதும் அழுத்தத்தில், நிற்காமல் மறு ஓரம் வரை இழுங்கள். மூன்று வினாடி போதும். அங்கே ஸ்வாபைத் திருப்பி, மறுபக்கத்தால் திரும்பி வாருங்கள். முடிந்தது. அந்த ஸ்வாபின் வேலையும் முடிந்தது. விலையைப் பார்த்து அதே ஸ்வாபை இரண்டாம் முறை போடாதீர்கள். முதல் முறை எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள்.

ஒரே முறையில் சுத்தமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நடுவில் இருந்த தூசு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். சோதனைப் படம், இன்னொரு ஸ்வாப், மறுபடி சோதனைப் படம். தம்பியின் கேமராவுக்கு இரண்டு ஸ்வாப் ஆனது. மூன்றில் இரண்டு போய், ஓரமாக ஒன்று மீதி. எப்/22ல் தெரிகிறது, எப்/11ல் தெரியவில்லை. "அதையும் எடுத்துடலாம்ணே" என்றான். வேண்டாம் என்றேன். எப்/22ல் ஒரு புள்ளி கூட இல்லாத சென்சர் வேண்டும் என்று துடைத்துக்கொண்டே இருப்பவர்கள்தான் கடைசியில் கீறல் போடுகிறார்கள்.

ஒட்டும் ஜெல் தடவிய குச்சி, சுழலும் பிரஷ் என்று வேறு கருவிகளும் விற்கின்றன. பிரஷ்ஷில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணாடி வளையத்தைச் சுற்றியுள்ள மசகு எண்ணெயை ஒருமுறை தொட்டுவிட்டால், அதன் பிறகு அந்தப் பிரஷ் தூசு எடுக்காது, எண்ணெய் பூசும்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. சில புள்ளிகள் தூசு போல ஒழுங்கற்று இல்லாமல் வட்டமாக, விளிம்பு கறுத்தும் நடு வெளிறியும் இருக்கும். ஷட்டர் பகுதியிலிருந்து தெறித்த எண்ணெயாக இருக்கலாம். ஊதினால் அசையாது, ஈரத் துடைப்புதான் வழி. துடைத்த சில நூறு படங்களில் மீண்டும் அதே மாதிரி வந்தால் அது உங்கள் வேலை அல்ல, நிறுவனத்தின் வேலை. 2012ல் வெளிவந்த நிக்கான் டி600ல் படங்களில் புள்ளிகள் வருவதாகப் பரவலாகப் புகார் எழுந்தது. 2014ல் அந்த நிறுவனம், வாரண்டி முடிந்திருந்தாலும் ஷட்டர் மற்றும் தொடர்புள்ள பாகங்களை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. செகண்ட் ஹேண்டில் டி600 வாங்குபவர்கள், ஷட்டர் மாற்றப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எந்த மாடலாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் எப்/16ல் வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். தூசு இருந்தால் பரவாயில்லை, பேரம் பேச உதவும். கோடு போல நீளமாக, ஊதியும் நகராமல் ஏதாவது தெரிந்தால் அந்தக் கேமரா வேண்டாம்.

தூசு வரும் வழி

பலர் நினைப்பது போலத் தூசெல்லாம் காற்றில் வருவதில்லை. லென்ஸின் பின் மூடியும் கேமராவின் வாய் மூடியும் சட்டைப் பையில், பைக்குள் உருண்டு தூசு சேர்த்துக்கொள்கின்றன. மூடியைப் போட்டுத் திறந்ததும் தூசு லென்ஸின் பின்பக்கத்தில், அங்கிருந்து உள்ளே. மாதம் ஒருமுறை இந்த மூடிகளைக் கழுவி நன்றாகக் காய வைத்துப் போடுங்கள். லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மாட்ட வேண்டிய லென்ஸை முதலில் தயாராக வைத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். கடற்கரையிலும், பஞ்சு பறக்கும் மில் பகுதிகளிலும் ஒரே லென்ஸோடு சமாளிப்பதே நல்லது.

மீண்டும் அந்த 300 படங்கள். என்.எக்ஸ். ஸ்டுடியோ பெரும்பாலான புள்ளிகளைத் தானே அழித்துவிட்டது. சிலவற்றில் அலையின் நுரையோடு சேர்ந்திருந்த புள்ளிகளை மட்டும் கையால் நீக்க வேண்டியிருந்தது. ரா பைல் இல்லாமல் ஜே.பெக் மட்டும் வைத்திருப்பவர்கள் கிம்ப்பில் ஹீல் டூலைப் பயன்படுத்தலாம். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உள்ள சுத்தமான வானத்தில் ஒரு கிளிக், பிறகு கீயை விட்டுவிட்டுப் புள்ளியின் மேல் ஒரு கிளிக். பிரஷ்ஷின் அளவு புள்ளியை விடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் குறைவு. ஒரு படத்தில் புள்ளிகளை நீக்கிவிட்டு, மற்ற படங்களையும் தேர்ந்தெடுத்து சிங்க் கொடுத்தால், அதே இடங்களில் அதே திருத்தம் எல்லாவற்றிலும் வந்துவிடும். ஆனால் நிற்க வைத்து எடுத்தவற்றையும் படுக்கை வசத்தில் எடுத்தவற்றையும் தனித்தனியாகப் பிரித்துச் செய்திடுங்கள். செய்து முடித்ததும் முகங்கள் உள்ள படங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வானத்தில் புள்ளி இருந்த அதே இடத்தில் அடுத்த படத்தில் மணப்பெண்ணின் மூக்குத்தி இருந்தால், லைட்ரூம் அதையும் தூசு என்று துடைத்துவிட்டிருக்கும்.